கணிப்பொறி காப்போரின் தேர்வுகள்

திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியை அடுத்த பள்ளிப்பட்டு வட்டத்தில், பொதட்டூர்பேட்டை என்றோர் ஊர் உண்டு. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று ஆந்திர மாநிலத்தினின்றும் சென்னை மாநிலத்தோடு வந்து இணைந்த திருத்தணி வட்டாரத்தைச் சேர்ந்தது அவ்வூர். நெசவே அதன் உயிர்த்தொழில். கைத்தறி ஓடிய வீடுகளில் பின்னாளில் விசைத்தறி புகுந்தது; எனினும் தெருக்களில் தறியோசை ஓயவில்லை. அவ்வூரில் ஒருவர் நல்ல நெசவாளரா என்று அறிய விரும்புவோர் அவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை. அவர் நெய்த துணியை விரித்து, வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்ப்பர். இழை அறுந்த இடமும், ஊடை நெருங்காத இடமும், கரை பிசகிய இடமும் கண்ணுக்குப் புலனாகும். துணியே நெசவாளருக்குச் சான்று.

இத்தகைய ஊர்களிலிருந்து இன்று எத்தனையோ இளைஞர்கள் கணிப்பொறித் தொழிலை நாடிச் செல்கின்றனர். அத்தொழிலின் பிரிவுகளுள் ஒன்று, கணிப்பொறி அமைப்பு நிருவாகம். அலுவலகம் ஒன்றில் அனைவர்க்கும் பொதுவாக இயங்கும் பெரிய கணிப்பொறிகளைச் சர்வர் என்பர். அவற்றை இடையறாது இயங்கச் செய்தல், யார் எதைத் திறந்து பார்க்கலாம் என்று வரையறுத்தல், தரவுகளுக்குப் படியெடுத்து வைத்தல், பழுது நேர்ந்தால் சீர்செய்தல் ஆகியவை அந்நிருவாகியின் கடமைகள். இவர் வேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க முடியுமா? முடியாது. அவர் திறம்பட உழைத்த நாளில் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை; எல்லாம் வழக்கம்போல் நடக்கும். அவர் தவறிய நாளில்தான் அப்படி ஒருவர் இருப்பதே உலகிற்குத் தெரியவரும். கண்ணுக்குப் புலனாகாத இத்திறமையை எவ்வாறு அளப்பது? இவ்வினாவுக்கு விடையாகவே தொழில்முறைச் சான்றுத் தேர்வுகள் தோன்றின. அவற்றின் வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

முதற்கண் ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். மறைந்து கிடக்கும் தன்மையைச் சோதித்தறியும் முறை கணிப்பொறியோடு பிறந்ததன்று. பொன்னும் மாசு கலந்த பொன்னும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். ஆகவே நம் முன்னோர் உரைகல்லைக் கண்டனர். உத்தரமேரூரில் ஊராட்சிப் பொறுப்புகளுள் ஒன்றாகப் பொன் வாரியமே இருந்தது. அவ்வூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் வாரியங்களில் அமர்வோர்க்கு வேண்டிய தகுதிகளை வகுத்துரைக்கின்றன. வயது, நிலம், சொந்த மனை, கல்வி ஆகியவை அங்கே கூறப்படுகின்றன. முன்பு வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் குடவோலையில் இடம்பெறலாகாது என்பதும் கல்லில் வெட்டப்பட்டது. இந்த இறுதி விதியைப் பின்னர் மீண்டும் நினைவுகூர நேரும்.

கடலில் கப்பல் செலுத்துவோர் செய்தியும் இத்தகையதே. நடுக்கடலில் மாலுமித் தலைவன் திறமையுடையவனா என்று பயணி அறிய வழியில்லை. அறியும் நேரம் வரும்போது கப்பல் பாறையில் மோதியிருக்கும். பல கப்பல்கள் அழிந்து, பல உயிர்கள் மடிந்த பிறகே பிரிட்டனில் 1850ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அயல்நாடு செல்லும் கப்பல்களின் தலைவர்களும் துணைவர்களும் தேர்வெழுதித் தகுதிச் சான்று பெறவேண்டும் என்று அது விதித்தது.

நீராவிக் கொதிகலனின் வரலாறும் அவ்வாறே. 1863ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பெருஞ்சேதம் விளைந்தது. மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதனையிடும் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923இல் வந்தது. 2025இல் அதன் இடத்திற்குப் புதிய சட்டம் வந்தபோதும் அடிப்படைக் கருத்து மாறவில்லை. இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பெரிய கொதிகலன் இயங்குமானால், அதன் பக்கத்தில் தகுதிச் சான்று பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். தேர்வுகளில் பல இவ்வாறு விபத்துகளின் பின்னே பிறந்தவை.

கணிப்பொறிக்கு வருவோம். அதன் முன்னோருள் ஒன்று தறி என்பது நெசவூர்ப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளின் துணையால் பாவு இழைகளைத் தூக்கியும் தாழ்த்தியும் சித்திரம் நெய்யும் பொறியை அமைத்தார். நம் நாட்டுப் பட்டு நெசவாளரும் அறிந்த ஜக்கார்டு பெட்டி அவர் பெயரைத் தாங்கியதே. துளையிட்ட அட்டையில் செய்தியைப் பதிக்கலாம் என்னும் கருத்து, ஹாலரித் என்னும் அமெரிக்கர் கையில் 1890ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்புக்கு உதவியது. அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் வேறு சிலவற்றோடு இணைந்து ஐ.பி.எம். ஆயிற்று. அந்நிறுவனத்தின் 1401 என்னும் கணிப்பொறி ஒன்று 1967இல் சென்னைப் பெரம்பூரிலுள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு வந்தது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதே நிறுவனத்தின் 370 வரிசைக் கணிப்பொறி நிறுவப்பட்டது.

அக்காலத்தில் கணிப்பொறியைக் காப்பவர் யார்? பெரும்பாலும் அதனைச் செய்த நிறுவனத்தின் ஆட்களே. எந்திரம் அவர்களுடையது, வாடகை செலுத்துவோர் பயன்படுத்துவர், பழுது நேர்ந்தால் அவர்களே வந்து சீர்செய்வர். காப்பவரின் தகுதியைப் பற்றி வாடகைதாரர் கவலைகொள்ளத் தேவையில்லை. ஆயின் 1978ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அதன் எந்திரங்கள் மட்டும் இங்கேயே இருந்தன. அவற்றைப் பேணும் பொறுப்பை, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அரசினர் நிறுவியிருந்த கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம் ஏற்றது. சி.எம்.சி. என்று அறியப்பட்டது அதுவே. எந்திரத்தைச் செய்தவர் வேறு, காப்பவர் வேறு என்னும் நிலை இந்தியாவில் அன்று தெளிவாயிற்று. காப்பவரின் திறமையைத் தனியே அளந்தறிய வேண்டிய தேவையும் அந்நிலையிலேயே வேர்கொண்டது.

அமெரிக்காவில் இத்தேவையைச் சிலர் முன்னமே உணர்ந்திருந்தனர். தரவுச் செயலாக்கத் தொழில் செய்வோர் சங்கம் ஒன்று, 1962ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் முதன்முதலாகத் தன் தொழிலுக்கென ஒரு சான்றுத் தேர்வை நடத்தியது. கணிப்பொறித் துறையில் தொழில்முறைச் சான்றுத் தேர்வின் தொடக்கம் அதுவே எனலாம். அத்தேர்வை நடத்தியது விற்பனை நிறுவனம் அன்று. தொழில் செய்வோர் தாமே கூடியமைத்த சங்கம். ஆயினும் பின்னர் வந்த காற்று வேறு திசையில் வீசியது.

1980களில் சிறு கணிப்பொறிகள் அலுவலக மேசைகளில் பெருகின. அவற்றைக் கம்பியால் பிணைத்து ஒன்றோடொன்று பேசவைக்கும் மென்பொருளை நாவெல் முதலிய நிறுவனங்கள் விற்றன. வாங்கிய அலுவலகங்களிலோ அதனை நிறுவவும் காக்கவும் வல்லவர் இல்லை. ஆகவே அத்தசாப்தத்தின் இறுதியில் நாவெல் தன் மென்பொருளை அறிந்தோர்க்குத் தானே தேர்வு வைத்துச் சான்று வழங்கியது. மைக்ரோசாப்ட் 1990களின் தொடக்கத்தில் அவ்வழியைப் பின்பற்றியது. எம்.சி.எஸ்.இ. என்னும் எழுத்துகள் சென்னையிலும் கோவையிலும் பயிற்சி நிலையங்களின் பலகைகளில் பளிச்சிட்ட காலம் அதன் பின்னர் வந்ததே.

இந்தியாவில் அப்பொழுது கணிப்பொறிப் பயிற்சி ஒரு பெருவணிகமாக வளர்ந்துகொண்டிருந்தது. என்.ஐ.ஐ.டி. 1981இலும் ஆப்டெக் 1986இலும் தோன்றின. அவற்றைப் பின்பற்றிச் சிற்றூர்களிலும் மாடியறைகளில் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. கற்பிப்பவரே தேர்வு வைத்து, அவரே சான்றும் தந்தால், அச்சான்றின் மதிப்பு யாது? இக்கேள்விக்கு மறுமொழியாக 1990ஆம் ஆண்டு மத்திய அரசின் மின்னணுத் துறையும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவும் கூடி டோயக் என்னும் திட்டத்தை அமைத்தன. அதில் ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள். ஓ நிலை அடிப்படை. சி நிலை முதுநிலைத் தொழில்நுட்பப் பட்டத்திற்கு ஒப்பானது. தனியார் நிலையங்கள் கற்பிக்கலாம். தேர்வை நடத்துவதோ அவற்றைச் சாராத அமைப்பு. 2011இல் அவ்வமைப்பு நைலிட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கற்பிப்பவரும் சோதிப்பவரும் வேறு வேறாக இருத்தல் வேண்டும் என்னும் நெறியை நம் நாட்டில் கணிப்பொறிக் கல்வியில் ஊன்றிய முயற்சி அது.

இந்நெறி தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னை மாகாண அரசினர் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே தொழில்நுட்பத் தேர்வுகளை நடத்தத் தொடங்கினர். அவ்வழியில் வந்ததே நம் ஊர்களில் அனைவரும் அறிந்த தட்டச்சுத் தேர்வு. ஏதேனும் ஒரு தெருவில் ஒரு தட்டச்சு நிலையம். அங்கே பயில்வோர் ஆண்டுக்கு இருமுறை அரசுத் தேர்வுக்குச் செல்வர். கீழ்நிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், மேல்நிலைக்கு 45 சொற்கள். தேர்வறையில் என்ன நடக்கிறது? தட்டச்சுப் பொறியின் பாகங்கள் எவை என்று யாரும் கேட்பதில்லை. மணி அடித்ததும் விரல்கள் ஓட வேண்டும். மணி அடித்ததும் நிற்க வேண்டும். தாளில் விழுந்த எழுத்துகளே விடை. அது கைக்கு வைத்த தேர்வு.

கணிப்பொறி நிருவாகிகளுக்கு முதலில் வைக்கப்பட்ட தேர்வுகள் பெரும்பாலும் இவ்வகையின அல்ல. திரையில் ஒரு வினா தோன்றும். கீழே நான்கு விடைகள் இருக்கும். சரியானதைச் சுட்ட வேண்டும். உலகெங்கும் ஒரே வகையாக நடத்தவும், உடனே மதிப்பெண் இடவும் இம்முறை வசதியானது. நன்கு அமைந்த வினாக்கள் அறிவை ஓரளவு அளக்கவும் செய்யும். ஆயினும் இதில் ஒரு குறை ஒளிந்திருந்தது. தேர்வெழுதி வந்தோர் சிலர் நினைவில் நின்ற வினாக்களை எழுதி வைத்தனர். வேறு சிலர் அவற்றைத் தொகுத்து விற்றனர். வாங்கியவர் பொருளறியாமலே விடைகளை மனப்பாடம் செய்து வெற்றி பெற்றனர். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கத் தொழிலுலகில் 'காகிதப் பொறியாளர்' என்ற பொருள்படும் ஓர் ஏளனச் சொல்லே பிறந்தது. சான்றிதழ் கையில் இருக்கும். சர்வர் நின்றுவிட்டால் என்செய்வதென்று தெரியாது. இதனால் பெரிதும் இழந்தவர் யார்? உண்மையாகக் கற்றுத் தேறியவரே. அவர் கையிலிருந்த சான்றும் அதே அச்சில் வார்த்ததன்றோ?

இக்குறைக்கு மருந்தாக வந்தவை செய்முறைத் தேர்வுகள். சிஸ்கோ நிறுவனம் 1993ஆம் ஆண்டு வலைப்பின்னல் வல்லுநர்களுக்கென ஓர் உயர்தேர்வைத் தொடங்கியது. எழுத்துத் தேர்வில் வென்றவர் பின்னர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாள் சோதிக்கப்பட்டனர். முதலில் உண்மையான கருவிகளை இணைத்து, கேட்டவாறு ஒரு வலைப்பின்னலை அமைக்க வேண்டும். பிறகு தேர்வாளர் அதில் வேண்டுமென்றே பழுதுகளைப் புகுத்துவார். தேர்வெழுதுபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். 2001இல் அத்தேர்வு ஒருநாள் தேர்வாகச் சுருங்கியது. எனினும் செய்து காட்டுதல் என்னும் அடிப்படை நீடித்தது. வெற்றி பெற்றோர்க்கு வரிசை எண் தரும் வழக்கம் அதில் உண்டு. முதல் எண்ணாகிய 1024 மனிதர் எவர்க்கும் தரப்படாமல் அந்த ஆய்வுக்கூடத்திற்கே தரப்பட்டது.

லினக்ஸ் இயக்கமுறையின் கதையும் இங்கே பொருந்தும். 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகத்தார் பலர் கூடி வளர்த்த மென்பொருள் அது. இன்று உலகின் சர்வர்களில் மிகப் பல அதனைக் கொண்டே இயங்குகின்றன. அதனை வழங்கும் ரெட் ஹேட் நிறுவனம் 1999இல் தன் தேர்வை ஏற்படுத்தியது. தொடக்கத்தில் அதில் விடை சுட்டும் பகுதியும் இருந்தது. பின்னாளில் அது நீக்கப்பட்டு, முழுதும் செய்முறையாயிற்று. தேர்வெழுதுவோர் முன் ஓர் உண்மையான கணிப்பொறி இருக்கும். பயனர்க்குக் கணக்குத் திற, வட்டின் இடத்தைப் பெருக்கு, மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டு உள்ளே செல் என்றவாறு பணிகள் தரப்படும். 300 மதிப்பெண்ணில் 210 பெற்றால் வெற்றி. இவற்றினும் முக்கியமானது ஒரு விதி: செய்தவை யாவும், கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கிய பின்னும் நிலைத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் பாடுபட்டுச் செய்த வேலை, மறுபடி இயக்கியதும் மறைந்துபோனால் அதற்கு மதிப்பெண் இல்லை. கடுமையான விதியாகத் தோன்றலாம். ஆனால் நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பும் உலகிற்கு வேண்டியது அதுதான்.

இங்கே வேறொரு கேள்வி எழுகின்றது. தன் சரக்கைப் பற்றித் தானே தேர்வு வைக்கும் நிறுவனம், நடுநிலையுடைய சோதகர் ஆகுமா? அந்நிறுவனத்தின் எந்திரத்தை அறிந்தவருக்குப் பிற நிறுவனத்து எந்திரம் புரியுமா? இக்கவலையின் பயனாக 1999இல் கனடாவில் இலாபம் கருதாத லினக்ஸ் தொழில்முறைக் கழகம் பிறந்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் தன் முதல் தேர்வை அது வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் லினக்ஸுக்கும் பொதுவான அறிவைச் சோதிப்பது அதன் நோக்கம். நிருவாகிகள் நாள்தோறும் செய்யும் பணிகள் எவை என்று தொழிலில் உள்ளோரிடம் கேட்டறிந்து, அதற்கேற்ப வினாக்களை வகுத்தனர். அங்கும் விடை சுட்டும் முறையே பெரும்பான்மை. செய்முறைத் தேர்வு கையை அளக்கின்றது, ஆனால் ஒரு நிறுவனத்தைச் சார்ந்து நிற்கின்றது. பொதுத் தேர்வு நடுநிலையானது, ஆனால் கையைக் காண்பதில்லை. இரண்டும் நிறைந்த தேர்வு அரிதாகவே கிடைக்கின்றது.

கல்லூரிப் பட்டத்திற்கும் இச்சான்றுகளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பட்டம் ஆயுள் முழுதும் நிற்கும். இவற்றுக்கோ ஆயுள் வரம்பு உண்டு. சிஸ்கோ, ரெட் ஹேட் சான்றுகள் மூன்று ஆண்டுகளிலும், லினக்ஸ் கழகத்தின் சான்று ஐந்து ஆண்டுகளிலும் காலாவதியாகும். மீண்டும் தேறிப் புதுப்பிக்க வேண்டும். தொழில்நுட்பம் மாறுவதால் இது நியாயமே. ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. அது எளிய குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. ஒரு காலத்தில் ஊரெங்கும் பலகைகளில் பளிச்சிட்ட எம்.சி.எஸ்.இ. சான்றும் 2021ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளோடு முடிவுற்றது. அதன் பெயரை நம்பியவர் புதுப் பெயரைத் தேட நேர்ந்தது. அதன்வழி உண்மையில் தொழிலைக் கற்றவரோ புதிய பெயர்களுக்குள் பழைய அடிப்படைகளைக் கண்டுகொண்டார்.

இவ்வளவு தேர்வுகள் ஏன், ஒரு கணிப்பொறி நின்றால் என்ன குடிமுழுகும் என்று யாரேனும் வினவலாம். 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சர்வர்களைத் தீயோர் தாக்கித் தரவுகளைப் பூட்டிவிட்டனர். ஏறத்தாழ இரண்டு வாரக் காலம் நோயாளிகளின் பதிவும், ஆய்வுக்கூட அறிக்கைகளும் கையால் எழுதி நடத்த வேண்டியதாயிற்று. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் வேறொன்று நிகழ்ந்தது. பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகள் ஒரே நாளில் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையெழுத்தில் அனுமதிச் சீட்டு தந்தனர். அக்கணிப்பொறிகளில் மிகப் பலவற்றை நிருவாகிகள் ஒவ்வொன்றாக அணுகி, பாதுகாப்பு நிலையில் இயக்கி, பிழையான கோப்பை நீக்கி உயிர்ப்பித்தனர். அன்று வேண்டப்பட்டது, பழகிய கையும் பதறாத மனமும். மனப்பாடம் செய்த விடைத்தொகுப்பு அங்கே எதற்குப் பயன்படும்?

இனி, எந்தத் தேர்வும் அளக்க முடியாத ஒன்று உளது. அமைப்பு நிருவாகியின் கையில் எல்லாப் பூட்டுகளின் திறவுகோலும் இருக்கின்றன. அலுவலகத்தார் அனைவரின் கடிதங்களையும், ஊதியக் கணக்குகளையும், மருத்துவமனையாயின் நோய்க் குறிப்புகளையும் அவர் நினைத்தால் திறந்து பார்க்க இயலும். இரவில் தனியே இருக்கும்போது அவரைக் காண்பார் யாருமில்லை. 1992ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் அமைப்பு நிருவாகிகள் தமக்கென ஒரு தொழிற்குழுவை அமைத்தனர். தம் தொழிலுக்கு ஒழுக்க நெறிகளையும் அவர்கள் வகுத்துக்கொண்டனர். பிறர் செய்திகளைத் தேவையின்றிப் பாராதிருத்தல், அறிந்ததை மறைவாகக் காத்தல், தன் அறிவை இடைவிடாது வளர்த்தல் என்பன போன்றவை அவை. உத்தரமேரூர்க் கல்வெட்டில் கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதியை இப்போது நினைவுகூரலாம். பொதுப்பொருளைக் காப்பவர் கற்றவராக இருத்தல் மட்டும் போதாது. என்ன செய்தார் என்று எழுதி வைத்து, கேட்கும்போது காட்டவும் வல்லவராக இருத்தல் வேண்டும் என்பதை அம்மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். இன்றைய சர்வர்களிலும் யார், எப்போது, என்ன செய்தார் என்னும் பதிவேடு தானே எழுதப்பட்டு வருகின்றது. அப்பதிவேட்டை அழிக்காமல் காப்பதும் நிருவாகியின் நேர்மையைப் பொறுத்ததே.

மாணவ நண்பர்களே! இத்துறையில் நுழைய விரும்பும் உங்களுக்கு இவ்வரலாறு என்ன கூறுகின்றது? சான்று வேண்டாம் என்று அது கூறவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து சென்னைக்கு வேலை தேடிச் செல்லும் ஓர் இளைஞனை அங்கே யாரும் அறியார்; அவனுக்காகப் பேச ஒருவரும் இரார். அந்நிலையில் நடுநிலையான ஒரு தேர்வு அவனுக்குத் துணை. குலமும் ஊரும் பாராமல், செய்து காட்டியதை மட்டும் பார்க்கும் தேர்வு ஏழைக்கு நல்ல நண்பன். ஆதலின் தேர்வைத் தேர்ந்தெடுக்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். கற்பிப்பவரே சோதிக்கின்றாரா? கையைச் சோதிக்கின்றதா, நினைவை மட்டுமா? அச்சான்று எத்தனை ஆண்டு செல்லும்? ஒரு நிறுவனத்தின் சரக்கு மறைந்தாலும் நிற்கக்கூடிய அடிப்படையை அது கற்பிக்கின்றதா?

பயிற்சிக்குப் பெரும்பொருள் வேண்டும் என்று மலைக்கவும் வேண்டுவதில்லை. லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பது. பழைய கணிப்பொறி ஒன்றில் அதனை நிறுவுங்கள். வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள், பின் சீர்செய்யுங்கள். தரவுகளுக்குப் படியெடுத்து வைத்து, மூலத்தை அழித்து, படியிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பாராத படியை நம்புதல், ஆழம் பாராத ஆற்றில் இறங்குதல் போன்றது. செய்ததையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் நாள் குறித்து எழுதி வாருங்கள். பின்னர் தேர்வறைக்குச் செல்லும்போது, அங்கே கேட்கப்படுவது உங்களுக்குப் புதிதாக இராது.

வினாத்தொகுப்பை விலைக்கு வாங்கி வெல்லும் ஆசையும் உங்களில் சிலரை அணுகும். அவ்வாறு வென்றவர் ஒரு நாள் ஏதோ ஒரு மருத்துவமனையின் சர்வர் முன் நிற்க நேரும். அன்று வெளியே காத்திருப்பவர் அவருடைய ஊராராகவும் இருக்கலாம்.

நெசவாளர் தறியில் அமரும்போது ஒரு வசதி உண்டு. பாவு இழை அறுந்தால் கண் காணும். நாடா தடுக்கினால் ஓசையே சொல்லிவிடும். சர்வர் அறையில் அத்தகைய எச்சரிக்கை எப்போதும் கிடைப்பதில்லை. அங்கே நெய்யப்படும் துணியை ஒருவரும் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கப் போவதில்லை. ஆகவே தன் வேலையைத் தானே விரித்துப் பார்க்கும் பழக்கம் உடையவரே அத்தொழிலுக்கு உரியவர். தேர்வு அவரை அடையாளம் காண உதவும். அவரை உருவாக்குவது அன்றாடப் பயிற்சியே; பொதட்டூர்பேட்டை வீடுகளில் பெற்றோர் தறியருகே அமர்ந்து பிள்ளைகள் கண்டு வளர்ந்ததும் அப்பயிற்சியே அன்றோ?